மென்பொருளிலிருந்து பொதுச் சுகாதாரத்துக்கு: வேலை மாறுமுன் போட வேண்டிய கணக்குகள்

ஐடியில் எட்டுப் பத்து வருஷம் ஓட்டியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சம்பளம் பரவாயில்லை, வேலையும் கைக்குப் பழகிவிட்டது, ஆனால் இதனால் யாருக்கு என்ன ஆகிறது என்றுதான் தெரியவில்லை. நாலு பேருக்கு உருப்படியாக ஏதாவது செய்யும் துறைக்குப் போகலாமா? போவதென்றால் எங்கே, எப்படி?

இங்கே ஒரே ஒரு தடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மென்பொருள் அல்லது தரவு வேலையிலிருந்து பொதுச் சுகாதாரத்துக்கு மாறுவது. நான் அந்தப் பக்கம் போனவன் என்பது ஒரு காரணம். அந்தத் துறையில் மருத்துவர் அல்லாதவருக்கும் இடம் உண்டு, செய்த வேலையால் என்ன மாறியது என்று எண்ணிப் பார்க்கவும் முடியும் என்பது இன்னொரு காரணம். கல்வி, நீர்நிலை, தட்பவெப்பம் என்று வேறு பக்கம் சாய்பவர்கள் உதாரணங்களை மாற்றிக்கொண்டு படிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சலிப்பா, ஆசையா?

முதல் படி சின்னது. நாளைக்கே உங்கள் மேனேஜர் மாறி ஒரு நல்ல மனுஷன் வருகிறார். அப்ரைசலில் கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. அப்போதும் கிளம்பத் தோன்றுகிறதா? இல்லையென்றால் உங்களுக்கு வேண்டியது வேறு கம்பெனி. அதற்காகத் துறையையே மாற்றுவது வீண்செலவு. தோன்றுகிறது என்றால் மேலே படியுங்கள்.

பிரச்சினையை முதலில் பிடியுங்கள்

பலர் இங்கேதான் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். லிங்க்டுஇன்னில் 'ஹெல்த்', 'இம்பாக்ட்' என்று தேடி, வரும் வேலைகளில் எது நன்றாக இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று. எந்தப் பிரச்சினை பெரியது? அது தீரக்கூடியதா? அதில் எந்த இடத்தில் ஆளோ பொருளோ போதாமல் நிற்கிறது? முதல் இரண்டுக்கும் யாரும் பதில் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதுதான் உங்கள் முடிவைத் தீர்மானிக்கப் போகிறது. அதனால் அதிலேயே கொஞ்ச நேரம் நிற்கலாம்.

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். நோய் தெரிந்தது, மருந்தும் தெரிந்தது. வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். சானடோரியத்தில் படுக்காமல் வீட்டில் இருந்தபடியே மருந்து எடுத்தாலும் அதே அளவு குணமாகும் என்று 1950-களின் கடைசியிலேயே உலகத்துக்குக் காட்டியது சென்னைதான். இத்தனை இருந்தும் சிகிச்சையில் சேர்ந்த பிறகும் ஆட்கள் இறந்துகொண்டிருந்தார்கள், அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள். வந்து சேரும்போதே அவர்கள் உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. ஆனால் வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் ஒரே மாத்திரை அட்டையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டில் அவர்கள் யார் என்று தனியாகத் தெரியவில்லை.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. மாநிலக் காசநோய்ப் பிரிவோடு சேர்ந்து இதை வடிவமைத்தவர்களில் சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் ஒன்று. திட்டத்தின் மையம் ஒரு தாள். காசநோய் என்று உறுதியானவுடன் நோயாளியை எடை போட்டு உயரம் பார்க்கிறார்கள். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டுகிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார்கள். காலை அழுத்திப் பார்க்கிறார்கள், வீக்கம் இருக்கிறதா என்று. அப்புறம் எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். நிற்க முடியவில்லையா, உடனே படுக்கைக்கு. எடை மிகக் குறைவு, ஆக்சிஜன் 94-க்குக் கீழ், மூச்சு 24-க்கு மேல் என்றாலும் அப்படித்தான், சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆய்வகம் வேண்டாம், மருத்துவர் காத்திருக்க வேண்டாம், ஒரு நர்ஸ் செய்துவிடலாம். இறப்பு குறையத் தொடங்கியது. இந்தத் தகவல்களைப் பதிவு செய்ய ஒரு வலைச்செயலி அப்புறம்தான் வந்தது.

மென்பொருள்காரர் கவனிக்க வேண்டிய வரிசை இது. முதலில் குறையாக இருந்தது மருந்தும் இல்லை, செயலியும் இல்லை. யாரை உடனே படுக்க வைக்க வேண்டும் என்று பிரித்துச் சொல்லும் ஏற்பாடுதான் இல்லை. அது இல்லாத காலத்தில் நீங்கள் போய் அருமையான டேஷ்போர்டு ஒன்று செய்து கொடுத்திருந்தால், இறப்புகள் வண்ண வண்ணமாகத் தெரிந்திருக்கும். ஏற்பாடு வந்த பிறகு அதே டேஷ்போர்டுக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் எந்த மாவட்டத்தில் அனுப்பியும் சேர்க்கவில்லை என்று அது காட்டும்.

குறை வேறு இடத்தில் இருக்கும் கதைகளும் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியே துறை மாறியவர்தான். மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டவர். முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிவிட்டதால் கண் மருத்துவத்துக்கு வந்தார். மருத்துவமனை தொடங்கும்போது அரசுப் பணியில் ஓய்வு பெற்று வயது 58. அறுவைக்குக் கூட்டம் இருந்தது, கை தேர்ந்த மருத்துவர்கள் இருந்தார்கள். ஆனால் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது, ஒன்று நூறு டாலர் அளவில். ஏழைக்கு அதை வைக்கக் கட்டுப்படியாகாது. 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி அதைச் செய்ய ஆரம்பித்தார்கள். விலை பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. அன்றைக்கு அந்த இடத்துக்கு இன்னொரு கண் மருத்துவரைவிட ஓர் உற்பத்திப் பொறியாளர் அதிகம் தேவைப்பட்டார்.

ஆகவே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். உங்களை இழுக்கும் பிரச்சினைகள் இரண்டோ மூன்றோ. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், 'இப்போது இது எங்கே அடைபட்டு நிற்கிறது?' பதில் தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். அதை நிரப்புவதுதான் அடுத்த சில மாத வேலை.

மருத்துவர் அல்லாதவர் எங்கே உட்காருவார்?

பொதுச் சுகாதாரம் என்றால் வெள்ளைக் கோட்டு என்றுதான் மனதில் வரும். உண்மையில் அதில் பாதிக்கு மேல் சரக்கு, கணக்கு, ஆள், கடிதம்.

சரக்கு என்பதைச் சும்மா சொல்லவில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. மருந்துகளை மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குவது, தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) வாரியாக ஆய்வகத்தில் சோதிப்பது, மாவட்டக் கிடங்குகளில் வைப்பது, அங்கிருந்து மருத்துவமனைகள் எடுத்துக்கொள்வது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரியே ஒரு பாஸ்புக். அதில் இருக்கும் தொகைக்குள் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். எது நகர்கிறது, எது தேங்குகிறது என்று கணினியில் தெரியும். கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே மாதிரியைத் தங்கள் ஊரில் வைத்துக்கொண்டன. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை தீராமல் கிடைப்பதற்குப் பின்னால் இருப்பது கிடங்குக் கணக்கு.

உங்களுக்கு ஒத்துவரக்கூடிய இருக்கைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கண்காணிப்பும் மதிப்பீடும், துறைக்குள் எல்லாரும் 'எம் அண்ட் ஈ' என்பார்கள். சுகாதாரத் தகவல் அமைப்புகள். மருந்து, தடுப்பூசி வினியோகம். ஆய்வுத் திட்டங்களில் தரவு மேலாளர். தொண்டு நிறுவனத்தில் புரோகிராம் மேனேஜர். அரசுக்குத் தொழில்நுட்ப உதவி தரும் குழுக்கள், இவை பெரும்பாலும் ஏதாவது அறக்கட்டளைப் பணத்தில் ஓடும். கடைசியாக, யாரும் ஆசைப்படாத ஒன்று: நிதியும் நிர்வாகமும். ஒழுங்காகக் கணக்கு வைக்கத் தெரிந்த, நாலு பேரை வேலை வாங்கத் தெரிந்த ஆள் சின்ன அமைப்புகளில் கிடைப்பதே இல்லை. பத்துப் பேர் கொண்ட டீமை நடத்தியவர் என்றால் உங்கள் பைத்தான் அறிவைவிட அதற்குத்தான் கிராக்கி இருக்கலாம்.

போய்ப் பேசுங்கள், ஆனால் இந்தக் கேள்விகளோடு

துறைக்குள் இருப்பவர்கள் ஐந்தாறு பேரிடமாவது பேசாமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். பேசுகிறவர்களில் இருவராவது களத்தில் இருப்பவர்களாக இருக்கட்டும். ஒருவராவது அந்தத் துறையை விட்டுப் போனவராக இருக்கட்டும். அவரிடம்தான் விஷயம் கிடைக்கும்.

'இந்தத் துறை எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் கிடைப்பது பேச்சுப்போட்டி. 'போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். 'உங்கள் அமைப்பில் எந்த இடத்துக்கு ஆள் தேடித் தேடிக் கிடைக்காமல் இருக்கிறது?' என்று கேளுங்கள். 'என்னை மாதிரி ஆட்கள் வந்து, என்ன ஆனார்கள்?' என்றும்.

ஒரு வட்டாரத்தில் காசநோய்ச் சிகிச்சை மேற்பார்வையாளர் ஒருவரோடு அரை நாள் இருந்தேன். துறையில் எஸ்டிஎஸ் என்பார்கள். வண்டியில் ஊர் ஊராகப் போய், யார் மாத்திரையை நிறுத்தினார்கள் என்று பார்ப்பவர். நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் நேரடியாகப் பேங்கில் போடும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது, முன்பு 500 ஆக இருந்தது. அவர் பையில் பாஸ்புக் ஜெராக்ஸ்கள் ஒரு கத்தை. ஐஎஃப்எஸ்சி தப்பு, பெயரில் இனிஷியல் தப்பு, கணக்கே மூடியது என்று பணம் திரும்பி வந்தவை. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"ஆப்பு செய்யப் போறீங்களா தம்பி? வேணாம். ஏற்கெனவே நாலு இருக்கு."

"என்ன சார் கஷ்டம் அதுல?"

"பேஷன்ட் போன் நம்பர் மாத்திட்டான்னா நாலுலயும் மாத்தணும். மாத்தறதுக்குள்ள அவன் திருப்பூர் போயிடறான். நாலையும் ஒண்ணா பேச வைக்க முடியுமா, அதைச் சொல்லுங்க."

அந்த அரை நாளில் கிடைத்தது எந்த வேலை விளம்பரத்திலும் இல்லை. புதிதாக ஒன்றைக் கட்டுவதில் நமக்கு இருக்கும் ஆசையும், இருப்பதை ஒட்டவைக்க அவர்களுக்கு இருக்கும் தேவையும் ஒரே இடத்தில் வருவது அபூர்வம்.

இருந்த இடத்திலிருந்தே கொடுத்தால்?

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் அதிகம். வேலையில் இருந்துகொண்டே, சம்பளத்தில் ஒரு பங்கை நன்றாகச் செய்யும் அமைப்புக்குக் கொடுப்பதும் ஒரு வழி. மாறுவதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு போடுவோம். ஆண்டுச் சம்பளம் 24 லட்சம், மாறினால் 9 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருந்தபடியே பத்து சதவீதம் கொடுத்தால் ஆண்டுக்கு 2.4 லட்சம். அமெரிக்காவில் கிவ்வெல் என்ற அமைப்பு, எந்தத் தொண்டுக்குக் கொடுக்கும் பணம் எவ்வளவு பலன் தருகிறது என்பதைக் கணக்குப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிறது. கொசுவலை, மலேரியாத் தடுப்பு மருந்து போன்ற திட்டங்களில் ஓர் உயிரைக் காக்க ஆகும் செலவை 5,000 டாலர் அளவில் அவர்கள் மதிப்பிடுகிறார்கள். நம் பணத்தில் நாலு லட்சத்துக்கு மேல். மதிப்பீடுதான், அதுவும் பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகளை வைத்து. ஆனாலும் ஒரு அளவுகோல் கையில் கிடைக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து நீங்கள் இரண்டு ஆண்டுக்கு ஓர் உயிர் என்ற கணக்கில் செய்ய முடியும். நேரில் போய் ஒன்பது லட்சத்துக்குச் செய்யப் போகும் வேலை அதைவிடக் கூடுதலாகச் செய்யுமா? நீங்கள் போகாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்து ஏறக்குறைய அதையே செய்வார் என்றால், உங்கள் பங்கு இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டும்தான். நாற்காலி காலியாகவே கிடக்கும் என்றால் கணக்கே வேறு. எந்த இடம் நிரம்பாமல் கிடக்கிறது என்று மேலே கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. கொடுப்பேன் என்பது வேறு, கொடுத்தேன் என்பது வேறு. போன நிதியாண்டில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று பேங்க் ஸ்டேட்மென்டைப் பாருங்கள். பூஜ்ஜியம் என்றால், வருங்காலத்தில் 2.4 லட்சம் கொடுக்கப் போகும் அந்த ஆளை நம்பி முடிவெடுக்காதீர்கள். அடுத்த மாதத்திலிருந்தே கொடுக்கத் தொடங்கி, ஆறு மாதம் தொடர்கிறதா என்று பாருங்கள். நன்கொடைக்கான வரிவிலக்கு (80ஜி என்பார்கள்) பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்கும் கிடைக்காது.

வீட்டுக்கடன் கழுத்தைப் பிடிக்கிறது, அப்பா அம்மா மருத்துவச் செலவு ஓடுகிறது என்றால் இந்த வழியே நல்லது என்பது என் அபிப்பிராயம். அதில் ஒரு குறைவும் இல்லை. களத்துக்குப் போவதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது, பேங்க் டிரான்ஸ்ஃபரில் அது இல்லை, அவ்வளவுதான்.

விலை குறைந்த சோதனைகள்

ராஜினாமாவுக்கு முன்னால் கையை நனைத்துப் பார்க்க வழிகள் நிறைய. இதில் சில மாதம் செலவழியுங்கள்.

மருத்துவப் பதிவுகளுக்கான ஓப்பன்எம்ஆர்எஸ், அதன் மேல் கட்டப்பட்ட பாம்னி, பல நாடுகளின் சுகாதாரத் துறைகள் பயன்படுத்தும் டிஎச்ஐஎஸ்2 எல்லாம் திறமூல மென்பொருள்கள். வார இறுதிகளில் பங்களிக்கலாம். ஒரு கிராம மருத்துவமனையில் மின்சாரமும் நெட்டும் போய்ப் போய் வரும்போது தரவு எப்படித் தாங்குகிறது என்பதை அந்தக் குறிமுறையைப் படித்தே கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். மேலே சொன்ன தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் என்பிடெல் வழியாக ஆரோக்கிய ஆய்வின் அடிப்படைகள் பற்றி ஓர் இணையப் பாடம் நடத்துகிறது. படிப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம்.

இன்னொரு சோதனை எனக்குப் பிடித்தது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்றில் (2015-16) இந்தியப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 53.1 சதவீதம், ஐந்தாம் சுற்றில் (2019-21) 57 சதவீதம். ஏன் ஏறியது என்று இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். மாவட்ட வாரியான அட்டவணைகள் இணையத்தில் கிடைக்கும். கொஞ்சம் தோண்டினால், விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் அளப்பதும் நரம்பிலிருந்து எடுத்து அளப்பதும் ஒத்துப்போவதில்லை என்ற சர்ச்சைக்கு வந்து சேர்வீர்கள். அந்த இடத்தில் உங்களுக்கு ஆர்வம் கூடுகிறதா, கொட்டாவி வருகிறதா என்று கவனியுங்கள். இந்த வேலையில் பெரும்பொழுது இப்படித்தான் போகும், எண்ணை நம்பலாமா என்ற சந்தேகத்திலேயே. கொட்டாவி வந்தால் இப்போதே தெரிந்துகொண்டது நல்லது.

கம்பெனியில் சம்பளமில்லா விடுப்பு தருவார்களா என்று விசாரியுங்கள். மூன்று மாதம் கிடைத்தால் ஏதாவது ஒரு அமைப்பில் முழுநேரமாக உட்கார்ந்து பார்க்கலாம். வார இறுதித் தன்னார்வத்தில் தெரியாத பல விஷயங்கள், குறிப்பாக மாதக் கடைசி அறிக்கை நெருக்கடி, அப்போது தெரியும்.

படிக்க வேண்டுமா?

எம்பிஎச் எனப்படும் பொதுச் சுகாதார முதுகலை பொதுவாக இரண்டாண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை தெரிந்த பெயர்கள். பொறியியல் பட்டத்தோடு சேர முடியுமா என்பது இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பிக்குமுன் தகுதி விதியைப் பார்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால் வேலை முதலில், பட்டம் அப்புறம். ஓராண்டு களத்தில் இருந்துவிட்டு வகுப்பில் உட்காருபவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

பணம்

சம்பளம் எவ்வளவு குறையும் என்று எல்லாரும் பார்க்கிறார்கள். சம்பளத்தோடு கூடவே போகும் மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள்.

கிராஜுவிட்டி. ஒரே நிறுவனத்தில் ஐந்து ஆண்டு முடித்த நிரந்தர ஊழியருக்கு உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை 15 ஆல் பெருக்கி 26 ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அடிப்படை 60,000 என்றால் ஐந்தாண்டுக்கு ஏறக்குறைய 1.73 லட்சம். நாலரை ஆண்டில் நிற்பவர் இன்னும் சில மாதம் பொறுப்பது லாபம்.

பிஎஃப். எடுக்காதீர்கள். புதிய இடத்தில் பிஎஃப் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தச் சேவை ஐந்தாண்டுக்குள் எடுத்தால் வரியும் போகும்.

மருத்துவக் காப்பீடுதான் பெரிய அடி. கம்பெனியின் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும், அப்பா அம்மாவுக்கும் சேர்த்து. புதிதாக எடுக்கும் பாலிசியில், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்பு வைப்பார்கள். அதனால் மாறும் எண்ணம் வந்தவுடனேயே, வேலையில் இருக்கும்போதே, குடும்பத்துக்குத் தனிப் பாலிசி ஒன்று எடுத்துவிடுங்கள். மாறாவிட்டாலும் நஷ்டமில்லை. குழுப் பாலிசியையே தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு, கிளம்புமுன் எச்ஆரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் கேளுங்கள்.

அப்புறம் புதிய வேலை எந்த வகை என்று பாருங்கள். இத்துறையில் பல இடங்கள் திட்டப் பணத்தில் ஓடுபவை. பணம் நின்றால் வேலை நிற்கும். 'கன்சல்டன்ட்' என்று எடுத்தால் பத்து சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பிஎஃப் இல்லை, பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய விடுப்பும் இல்லை. வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்பென்றால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவுக்குப் போகக் கூடாது, முன்பு 50 வரை போகலாம். தலைமையகத்தில் உட்காரும் பல வேலைகள் இந்தக் கணக்கில்தான் விழுகின்றன. அவர்கள் சம்பளத்தை உயர்த்தத் தயங்குவது எப்போதும் கஞ்சத்தனத்தால் அல்ல.

இவை எல்லாம் போக, வீட்டுச் செலவுக்கு ஓராண்டுப் பணம் எடுக்கும்படியாக இருந்தால் கிளம்பலாம் என்பது என் அளவு. மாதச் செலவை மனக்கணக்காகச் சொல்லாதீர்கள், கடந்த ஆண்டு ஸ்டேட்மென்டிலிருந்து எடுங்கள். வீட்டில் பேசும்போதும் இந்தத் தாளோடு பேசுங்கள். 'மனசுக்கு நிறைவான வேலை' என்று ஆரம்பித்தால் அம்மா அழுவார். 'இத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சு' என்று ஆரம்பித்தால் கேள்வி கேட்பார். கேள்விக்குப் பதில் சொல்லலாம். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடென்றால் தரகரிடம் புதிய வேலையை விளக்குவது தனிக் கலை, அதற்கு என்னிடம் வழிகாட்டி இல்லை.

அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது

ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டக் கிராமங்களில் பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் செய்த தடுப்பூசி ஆய்வு 2010-இல் வெளியானது. ஒன்றும் செய்யாத ஊர்களில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 6 சதவீதம். மாதம் தவறாமல் முகாம் நடத்திய ஊர்களில் 18. முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும் கொடுத்த ஊர்களில் 39. மூன்று வகை ஊர்களையும் வைத்து ஒப்பிட்டதால்தான் பருப்பின் பங்கு எவ்வளவு என்று தெரிந்தது. முகாம் மட்டும் நடத்தி, 'மூன்று மடங்காக்கிவிட்டோம்' என்று சொல்லி நிறுத்தியிருந்தாலும் பொய்யில்லை.

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள். 'உங்கள் திட்டம் வேலை செய்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எதையாவது சரிவரவில்லை என்று நிறுத்தியிருக்கிறீர்களா?' இரண்டாவது கேள்விக்கு ஒரு உதாரணம் சொல்லும் அமைப்பை நம்புங்கள். எத்தனை பேரை 'சென்றடைந்தோம்' என்று மட்டும் சொல்பவர்களிடம், சென்றடைந்த பிறகு என்ன ஆனது என்று திருப்பிக் கேளுங்கள். முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

சேர்ந்த பிறகு

முதல் மூன்று மாதம் எதையும் கட்டாதீர்கள். ஸ்கிரிப்ட்கூட வேண்டாம். பதிவேடுகள் எங்கே பிறக்கின்றன, யார் எழுதுகிறார்கள், எந்தக் கட்டத்தை எப்போதும் காலியாக விடுகிறார்கள் என்று பாருங்கள். கிராமச் செவிலியர் ஒரே எண்ணை எத்தனை இடத்தில் எழுதுகிறார் என்று எண்ணுங்கள். அவரை 'சிஸ்டர்' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள். அவருடைய வேலையைக் குறைக்காத எந்த மென்பொருளிலும் அவர் சரியான தரவை இடமாட்டார்.

சேரும்போதே காலண்டரில் ஒரு தேதியைக் குறித்துவையுங்கள், ஒன்றரை ஆண்டு கழித்து. அன்றைக்குப் பார்க்க வேண்டியவற்றையும் இப்போதே எழுதிவிடுங்கள். நான் இல்லாவிட்டால் நடந்திருக்காது என்று சொல்லும்படி ஏதாவது ஒன்று நடந்ததா? கைப்பணம் நினைத்த வேகத்தில்தான் கரைகிறதா? அடைபட்ட இடம் என்று நான் நினைத்தது உண்மையிலேயே அதுதானா, வேறா? முதல் கேள்விக்கு இல்லை என்றும், மூன்றாவதற்கு வேறு என்றும் பதில் வந்தால், அந்த வேறு இடத்துக்கு நகருங்கள். துறைக்குள்ளேயே நகர்வது முதல் மாற்றத்தைவிட எளிது, அதற்குள் ஆட்களைத் தெரிந்திருக்கும். மூன்றும் சரியில்லை என்றால் ஐடிக்குத் திரும்பலாம். ஒன்றரை ஆண்டு இடைவெளியை எந்த நேர்காணலிலும் இரண்டு வாக்கியத்தில் விளக்கிவிடலாம். அதற்குத் தோதாக, பழைய இடத்தில் நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்து, ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் வாங்கி வைத்திருங்கள். குறிமுறை எழுதும் பழக்கத்தையும் வாரத்துக்குச் சில மணி நேரமாவது விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.